மரபும் அதைச் சுமந்தவர்களும்: அயர்லாந்து அரசு ஏற்ற ஒரு பொறுப்பைக் குறித்து



தலித் இலக்கிய அரங்கின் நினைவுச் சொற்பொழிவில் அயர்லாந்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்ற கேள்வி உங்களில் சிலருக்கு எழுந்திருக்கும். நியாயமான கேள்விதான். பதில் நம் அரசமைப்புச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 1948 நவம்பர் 4 அன்று வரைவை அவையில் முன்வைத்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், அரசுக்கான நெறிமுறைக் கோட்பாடுகள் என்ற பகுதியைக் குறை சொன்னவர்களுக்கும் பதில் சொன்னார். நாடாளுமன்ற ஜனநாயகத்துக்காக எழுதப்பட்ட அரசமைப்புகளில் இப்படியொரு பகுதியைக் கொண்டிருக்கும் இன்னொரு நாடு அயர்லாந்து மட்டுமே என்று அந்த உரையில் சுட்டினார். இந்தக் கோட்பாடுகளை மீறும் அரசு நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியிராது, ஆனால் தேர்தல் நாளில் வாக்காளர்களிடம் பதில் சொல்லியாக வேண்டும் என்பது அவர் வாதம்.

அயர்லாந்தின் 1937ஆம் ஆண்டு அரசமைப்பில் இது 45ஆம் பிரிவு. எந்த நீதிமன்றமும் இதை விசாரிக்கக் கூடாது என்று அங்கே எழுதியிருக்கிறது. நம்முடைய 37ஆம் பிரிவும் அதையேதான் சொல்கிறது. நம் நான்காம் பாகத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் கல்வி, பொருளாதார நலனைக் காப்பது அரசின் கடமை என்கிறது 46ஆம் பிரிவு. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச் சின்னங்களைக் காப்பது அரசின் கடமை என்கிறது 49. காடுகளையும் காட்டுயிர்களையும் காப்பது குறித்து 1976ஆம் ஆண்டின் திருத்தம் 48அ பிரிவைச் சேர்த்தது. நாமும், கோட்டை கொத்தளங்களும், புலியும் யானையும் ஒரே பாகத்தில்தான் இருக்கிறோம். மூன்றுக்கும் அரசு பொறுப்பு. எதற்காகவும் நேரடியாக வழக்குப் போட முடியாது.

ஆக, "அரசு பொறுப்பேற்கிறது" என்ற வாசகத்துக்கு நடைமுறையில் என்ன பொருள் என்பதுதான் இன்று நாம் பார்க்கப்போவது. அதற்கு அயர்லாந்து தோதான இடம். கலை, மரபு, ஐரிஷ் மொழி, காட்டுயிர் ஆகிய நான்கையும் ஒரே அமைச்சகத்தில் வைத்து நடத்திப் பார்த்த நாடு அது. அமைச்சகத்தின் கதைக்கு வருமுன், அது பிறப்பதற்கு முந்தைய எழுபது ஆண்டுகளைச் சற்று விரிவாகப் பார்த்தாக வேண்டும்.

ஐரிஷ் மொழி ஏன் காக்கப்பட வேண்டியதாயிற்று? ஆங்கிலேய ஆட்சி, 1831இல் தொடங்கிய ஆங்கிலவழித் தேசியப் பள்ளிகள், அதன்பின் 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் விழுந்த நோய். பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். அதைவிட அதிகமானோர் கப்பலேறினார்கள். செத்தவர்களும் போனவர்களும் பெரும்பாலும் ஒரு துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கை மட்டும் நம்பி வாழ்ந்த கூலிகள், சிறு குத்தகைக்காரர்கள். ஐரிஷ் பேசியவர்களும் அவர்கள்தான். 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதன்முறையாக மொழி குறித்துக் கேட்டபோது ஐரிஷ் பேசுவோர் சுமார் 15 லட்சம் பேர், நாலில் ஒருவருக்கும் குறைவு. எஞ்சிய மொழி மேற்குக் கடற்கரையின் பாறை நிலங்களில் தங்கியது. 17ஆம் நூற்றாண்டில் க்ராம்வெல் காலத்தில் கிழக்கின் நல்ல நிலங்களைப் பறிகொடுத்தவர்கள் மேற்கே துரத்தப்பட்டதை ஐரிஷ்காரர்கள் இன்றும் மறக்கவில்லை. யாருக்கும் வேண்டாத நிலத்தில் யாருக்கும் வேண்டாத மொழி. ஐரிஷ் பேசினால் வறுமை, ஆங்கிலம் பேசினால் அமெரிக்கா என்று பெற்றோர்களே பிள்ளைகளின் வாயைக் கட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது.

மொழியை மீட்கப் புறப்பட்டவர்கள் வேறு வர்க்கத்தினர். 1893இல் தொடங்கிய கேலிக் லீக்கின் தலைவர் டக்ளஸ் ஹைட் ஒரு புராட்டஸ்டண்ட் பாதிரியாரின் மகன். இவரே 1938இல் நாட்டின் முதல் குடியரசுத் தலைவரானார். விடுதலைக்குப் பின் 1925இல் அமைத்த ஆணையம் ஐரிஷ் பேசும் பகுதிகளை வரைபடத்தில் குறித்தது. அந்தப் பகுதிகளுக்கு கேல்டாக்ட் என்று பெயர். 1937 அரசமைப்பின் 8ஆம் பிரிவு ஐரிஷ்தான் தேசிய மொழி, முதல் ஆட்சிமொழி என்றது. ஆங்கிலத்துக்கு இரண்டாம் இடம். காகிதத்தில் இதைவிட உயர்ந்த இடம் எந்த மொழிக்கும் கிடைக்காது. கேல்டாக்டின் இளைஞர்களோ அந்த ஆண்டும் பாஸ்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காலத்தில் கானமாரா என்ற மேற்குப் பகுதியிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் எழுந்தார். பெயர் மார்ட்டீன் ஓ கைன். மொழி பிழைக்க வேண்டுமென்றால் மொழியைப் பேசுபவன் பிழைக்க வேண்டும், அவன் பிழைக்க நிலம் வேண்டும் என்பது அவரும் அவர் தோழர்களும் வைத்த கோரிக்கை. 1934இல் கானமாராவிலிருந்து ஒரு குழு சைக்கிளிலேயே டப்ளினுக்குப் போய் அரசுத் தலைவர் டி வலேராவிடம் இதை முறையிட்டது. 1935இல் கானமாராவிலிருந்து 27 குடும்பங்களை நாட்டின் கிழக்கே மீத் மாவட்டத்தில் ராத் கார்ன் என்ற இடத்தில் குடியேற்றினார்கள். மீத் செழிப்பான மேய்ச்சல் நிலம், பழைய பண்ணையார் தோட்டங்கள் இருந்த மண். குடும்பத்துக்குச் சுமார் 22 ஏக்கரும் ஒரு வீடும் கிடைத்தன. உள்ளூர்க்காரர்கள் மலர் தூவி வரவேற்கவில்லை. வந்தேறிகள் இனி வேண்டாம் என்று சுவர்களில் எழுதினார்கள். பஞ்சமி நிலத்தை மீட்கப் போய் ஊர்ப்பகையைச் சந்தித்த நம் தோழர்களுக்கு இந்தச் சுவரெழுத்தின் தொனி அந்நியமாக இருக்காது.

ராத் கார்னில் இன்றும் ஐரிஷ் பேசுகிறார்கள். அதை கேல்டாக்ட் என்று அரசு ஏற்க 1967 வரை, அதாவது 32 ஆண்டுகள், அந்த மக்கள் போராட வேண்டியிருந்தது. குடியேற்றியது அரசு, நிலம் கொடுத்தது அரசு, பேச்சு மாறாமல் காத்தது மக்கள். ஆனால் அரசுப் பட்டியலில் பெயர் ஏறவில்லை! ஓ கைனின் கதை இன்னும் கசப்பானது. குடியரசுப் படையோடு தொடர்பு வைத்திருந்ததால் ஆசிரியர் வேலை பறிபோனது. இரண்டாம் உலகப் போரின்போது, ஐரிஷை முதல் ஆட்சிமொழியாக வைத்திருந்த அதே அரசு அவரைக் கர்ரா முகாமில் விசாரணையின்றி அடைத்தது. வெளியே வந்து அவர் எழுதி 1949இல் வெளியான க்ரே நா கில்லா ஐரிஷ் மொழியின் மிகப் பெரிய நாவலாக இன்று கருதப்படுகிறது.

அரசு பேசும் ஆளைச் சிறையில் வைத்த அதே ஆண்டுகளில் பேச்சைச் சேகரித்தது. 1935இல் நிறுவிய ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம், ஆய்வு மாணவர்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய ஒரு முயற்சி. முழுநேரச் சேகரிப்பாளர்கள் ஊர் ஊராகப் போனார்கள். மெழுகு உருளையில் ஒலியைப் பதியும் எடிஃபோன் கருவியைத் தூக்கிக்கொண்டு முதியவர்களின் அடுப்படியில் உட்கார்ந்தார்கள். 1937 முதல் ஈராண்டுகள் சுமார் 5,000 பள்ளிகளின் மாணவர்களை வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் கதை கேட்டு எழுதிவரச் செய்தார்கள். ஏறத்தாழ 50,000 பிள்ளைகள், சுமார் ஏழு லட்சத்து நாற்பதாயிரம் பக்கங்கள். இவ்வளவு பெரிய மக்கள் ஆவணம் வேறு எங்கும் எளிதில் கிடைக்காது. இதற்காக அந்த அரசைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் ஒரு விவரம் நம்மை உறுத்துகிறது. பணப் பற்றாக்குறையால், உருளையில் பதிந்த பேச்சை எழுதி முடித்ததும் மெழுகைச் சீவிவிட்டு அதே உருளையை அடுத்தவருக்குப் பயன்படுத்தினார்கள். எழுத்து மிஞ்சியது, சொன்னவளின் குரல் சீவித்தள்ளப்பட்டது. யாரைக் கேட்டார்கள் என்பதிலும் ஒரு சாய்வு உண்டு. சேகரித்தவர்களும் ஆண்கள், சொன்னவர்களிலும் ஆண்களே அதிகம். டப்ளின் சேரிகளின் தொழிலாளிக்கும் வழக்காறு உண்டு என்று யாருக்கும் தோன்றவில்லை. கிராமத்து விவசாயிதான் தேசத்தின் ஆன்மா என்று அவர்கள் முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்கள்.

அந்த ஆன்மாவுக்கு வெளியே இன்னொரு கூட்டம் இருந்தது. அயர்லாந்தின் டிராவலர் மக்கள். தங்களை மின்கேர் என்று சொல்லிக்கொள்பவர்கள். வண்டியில் ஊர் ஊராகப் போய்த் தகரப் பாத்திரம் செய்து, ஓட்டை அடைத்து, குதிரை வாங்கி விற்று, இசை வாசித்துப் பிழைத்தவர்கள். ஊராருக்கு இவர்களிடம் பாத்திரம் வேண்டும், இசை வேண்டும். இவர்கள் ஊருக்குப் பக்கத்தில் தங்குவது மட்டும் வேண்டாம். இவர்களுக்கென்று கான்ட் அல்லது காமன் என்றழைக்கப்படும் மொழி உண்டு. இவர்களைப் பற்றி அறிய 1952இல் அந்த ஆணையம் ஒரு வினாத்தாள் அனுப்பியது. யாரிடம் போனது தெரியுமா? ஊரில் வீடு வாசலோடு இருந்தவர்களிடம். டிராவலர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அவர்களின் அண்டை வீட்டாரைக் கேட்டு, வந்த பதில்களைத் தேசிய ஆவணமாக்கினார்கள். சேரியைப் பற்றி ஊர்த்தெருவில் விசாரித்து எழுதிய மாவட்ட விவரக் குறிப்பேடுகளைப் படித்து வளர்ந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஜானி டோரன் என்று ஒரு டிராவலர் கலைஞர். கை இடுக்கில் துருத்தியை வைத்து வாசிக்கும் இல்லன் பைப்பை அவர் போல வாசித்தவர் இல்லை என்பார்கள். திருவிழாக்களிலும் சந்தைகளிலும் திறந்தவெளியில் நின்று வாசிப்பார். 1947இல் ஆணையத்தைச் சேர்ந்த கெவின் டனாஹர் அவர் வாசிப்பைத் தட்டுகளில் பதிவு செய்தார். டோரனின் பதிவாக நமக்குக் கிடைப்பது அது மட்டுமே. சில வாரங்கள் கழித்து, 1948 ஜனவரியில், டப்ளினில் ஒரு பழைய சுவரை ஒட்டி நிறுத்தியிருந்த அவருடைய வண்டிவீட்டின் மேல் அந்தச் சுவர் இடிந்து விழுந்தது. முதுகெலும்பு நொறுங்கியது. 1950இல் இறந்தார். அரசிடம் அவருடைய இசையைப் பதிவு செய்ய ஒரு துறை இருந்தது, அவர் வண்டியை நிறுத்த ஓர் இடம் இல்லை. 2017இல் இல்லன் பைப் இசையை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பறை மேடையேறிவிட்டது, பறையடிப்பவர் இன்னும் ஊருக்கு வெளியே இருக்கிறார் என்று நாம் பேசுகிறோமே, அதே வழக்குதான்.

1960இல் டிராவலர்களுக்காக அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது. அதை அமைத்தது நீதித் துறை. கலைத் துறையோ கல்வித் துறையோ அல்ல. உறுப்பினர்களில் ஒரு டிராவலர்கூட இல்லை. 1963இல் வந்த அறிக்கை அவர்களை ஒரு பண்பாட்டுக் குழுவாகவே பார்க்கவில்லை. அலைந்து திரிவது ஒரு பிரச்சினை, அவர்களைப் பொதுச் சமூகத்துக்குள் கரைப்பது தீர்வு. இந்த ஆணையத்தின் வேலையை அரசின் சார்பில் தொடங்கிவைத்தவர் நீதித் துறையின் அன்றைய நாடாளுமன்றச் செயலர் சார்லஸ் ஹாஹி. இதே ஹாஹி 1969இல் நிதியமைச்சராக எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் வருமான வரி விலக்கு அளித்து உலகெங்கும் பெயர் வாங்கினார். வரி கட்டும் அளவுக்கு வருமானமும் முகவரியும் உள்ள கலைஞர் அவர் கண்ணில் பட்டார். சாலையோரக் கலைஞரை அவர் ஏற்கெனவே வேறு கோப்பில் சேர்த்திருந்தார்.

சரி, சுமப்பவர்களே எழுந்து கேட்டபோது என்ன நடந்தது? 1969இல் கானமாராவில் கேல்டாக்ட் குடியுரிமை இயக்கம் பிறந்தது. அமெரிக்கக் கறுப்பினத்தாரின் குடியுரிமைப் போராட்டம் வட அயர்லாந்தின் கத்தோலிக்கர்களைத் தட்டியெழுப்பிய நேரம் அது. அந்தக் காற்று மேற்கேயும் வீசியது. இங்கே பம்பாயில் 1972இல் தலித் சிறுத்தைகள் தோன்றியதும் அதே அமெரிக்கத் தீப்பொறியின் ஒரு கிளைதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். கானமாரா இளைஞர்கள் கேட்டது பள்ளிகளில் இன்னும் கொஞ்சம் ஐரிஷ் பாடம் அல்ல. வேலை, சாலை, தங்கள் பகுதியைத் தாங்களே ஆளும் அமைப்பு, தங்கள் மொழியில் ஒரு வானொலி. அரசு இழுத்தடித்தது. 1970 ஈஸ்டர் சமயத்தில் ராஸ் முக் என்ற ஊரில் உரிமம் இல்லாமல் ஒரு சிறிய ஒலிபரப்பியை வைத்து சேர் ராடியோ கானமாரா என்று தாங்களே வானொலி நடத்தினார்கள். சட்டப்படி குற்றம். ஈராண்டுகளில், 1972 ஏப்ரல் 2 அன்று, அரசு வானொலி நிறுவனம் கானமாராவின் காஸ்லாவிலேயே ரேடியோ நா கேல்டாக்டாவைத் தொடங்கியது. பல நூறு உரைகளும் ஆணையங்களும் ஐம்பது ஆண்டுகளில் செய்யாததை ஒரு திருட்டு ஒலிபரப்பி சாதித்தது.

அந்த வானொலியின் சிறப்பு என்னவென்றால், அது மொழியைப் பற்றிப் பேசவில்லை. மொழியில் பேசியது. மீன் விலை, கால்பந்து, உள்ளூர்த் தகராறு, இறந்தவர்களின் பெயரும் அடக்கம் நடக்கும் நேரமும். சாவு அறிவிப்பை வானொலியில் சொந்த மொழியில் கேட்பது என்பது ஒரு மக்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை எந்த அமைச்சகமும் யோசித்துக் கண்டுபிடித்திருக்காது. தொலைக்காட்சிக்கும் இதே பாதைதான். 1987இல் அதே ராஸ் முக்கில் உரிமமில்லாத ஒளிபரப்பு, அதன்பின் ஆண்டுக்கணக்கில் கிளர்ச்சி, 1996 அக்டோபர் 31 அன்று ஐரிஷ் மொழித் தொலைக்காட்சி. இன்று அதன் பெயர் டி.ஜி.4.

வடக்கே, பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பெல்ஃபாஸ்ட்டில் அரசு பொறுப்பேற்பதாகப் பாசாங்குகூடச் செய்யவில்லை. அங்கே ஷாஸ் சாலையில் சில குடும்பங்கள் 1969இல் தங்கள் கையாலேயே வீடு கட்டிக் குடியேறி, 1971இல் ஐரிஷ் வழிப் பள்ளி தொடங்கின. அரசு அதை அங்கீகரித்தது 1984இல். அதுவரை ஊரெல்லாம் வசூல் செய்துதான் ஆசிரியர்களுக்குச் சம்பளம்.

இனி அமைச்சகத்துக்கு வருவோம். 1993இல் கலை, பண்பாடு, கேல்டாக்ட் ஆகியவற்றுக்கு முழு அமைச்சரவைத் தகுதியில் ஒரு துறை அமைந்தது. முதல் அமைச்சர் தொழிலாளர் கட்சியின் மைக்கேல் டி. ஹிக்கின்ஸ். கவிஞர், கால்வே பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பித்தவர். (சமூகவியல் படித்த நமக்கு இதில் ஒரு சின்னப் பெருமை உண்டு, மறைப்பானேன்.) ஐரிஷ் தொலைக்காட்சி வந்தது அவர் காலத்தில். ஷின் ஃபெய்ன் உறுப்பினர்களின் குரலை ஒலிபரப்பத் தடைவிதித்த ஆணையை 1994 ஜனவரியில் நீட்டிக்காமல் விட்டதும் அவரே. 1995இல் மரபுச் சட்டம் வந்தது. மரபு என்றால் என்ன என்பதற்கு அந்தச் சட்டம் தரும் பட்டியலைப் பாருங்கள்: நினைவுச் சின்னங்கள், தொல்பொருட்கள், கட்டடங்கள், தாவரங்கள், விலங்குகள், அவற்றின் வாழிடங்கள், நிலக்காட்சிகள், கடற்காட்சிகள், மூழ்கிய கப்பல்கள், பாறைகள், தோட்டங்கள், உள்நாட்டு நீர்வழிகள். விரிந்த பார்வைதான். மூழ்கிய கப்பலுக்கும் அதில் இடம் இருக்கிறது. கண்ணில் படாமல் போனவர்கள் மனிதர்கள்.

1997இல் டி வலேராவின் பேத்தி ஷீலா டி வலேரா அமைச்சரானபோது துறையின் பெயர் கலை, மரபு, கேல்டாக்ட், தீவுகள் என்று நீண்டது. தேசியப் பூங்காக்களும் காட்டுயிரும் தொல்சின்னங்களும் தூஹஸ் என்ற மரபுப் பணியமைப்பின் கீழ் வந்தன. தூஹஸ் என்ற ஐரிஷ் சொல்லுக்கு மரபு, பூர்வீகம், பிறவிக் குணம் என்றெல்லாம் பொருள் உண்டு. அவர்களுக்கு அது இனிய சொல். பிறப்பால் வருவது எது என்று நமக்கு வேறுவிதமாகச் சொல்லித்தந்திருப்பதால் சொல்லைக் கேட்டதும் நமக்குச் சற்று நெருடுகிறது.

நான்கும் ஒரே கூரையின் கீழ் இருந்தது ஐந்தே ஆண்டுகள். 2002 தேர்தலுக்குப் பின் கலை விளையாட்டோடும் சுற்றுலாவோடும் போனது. கேல்டாக்ட் ஊரக வளர்ச்சியோடு போனது. மரபும் காட்டுயிரும் சுற்றுச்சூழல், உள்ளாட்சித் துறைக்குப் போயின. 2003இல் தூஹஸை மூடினார்கள். 2011இல் மறுபடி கலை, மரபு, கேல்டாக்ட் என்று சேர்த்தார்கள். 2020இல் மரபு வீட்டுவசதித் துறைக்குப் போயிற்று, 2025இல் கேல்டாக்ட் மீண்டும் ஊரகத் துறைக்கு. ஒவ்வொரு முறையும் பெயர்ப்பலகை, இலச்சினை, கடிதத்தாள் மாறின. எது எதோடு சேர்கிறது என்பதில் அரசின் மனம் தெரிகிறது. கலை சுற்றுலாவோடு சேர்ந்தால் அது விற்பனைக்கு வந்துவிட்டது. மொழி ஊரக வளர்ச்சியோடு சேர்ந்தால் அது பின்தங்கிய வட்டாரத்தின் குறைபாடாகிவிட்டது.

இந்த இடமாற்றங்களைவிட நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, 2003ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம். இதன்படி ஒரு குடிமகன் அரசு அலுவலகத்துக்கு ஐரிஷில் எழுதினால் ஐரிஷில் பதில் தர வேண்டும். தராவிட்டால் விசாரிக்க மொழி ஆணையர் உண்டு. அதாவது பொறுப்பு முதன்முறையாகக் கேட்டுப் பெறத்தக்க உரிமையானது. முதல் ஆணையர் ஷான் ஓ குர்ரான் பத்தாண்டு பணியாற்றி, அரசுக்கு இதில் உண்மையான அக்கறை இல்லை என்பதை வெளிப்படையாகச் சொல்லி, 2014 பிப்ரவரியில் பதவி விலகினார். அந்த மாதம் ஆயிரக்கணக்கானோர் சிவப்பு உடையில் டப்ளின் தெருக்களில் திரண்டார்கள். அதே ஜூலையில் கேல்டாக்டுக்கான இணையமைச்சராக நியமிக்கப்பட்டவருக்கு ஐரிஷ் சரளமாகப் பேச வரவில்லை. அவர் உடனே வகுப்பில் சேர்ந்து கற்றார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, 2012ஆம் ஆண்டின் கேல்டாக்ட் சட்டம். கானமாரா இளைஞர்கள் போராடிப் பெற்றவற்றில் ஒன்று ஊதராஸ் நா கேல்டாக்டா. 1980 முதல் இயங்கிய இந்த வட்டார ஆணையத்துக்கு கேல்டாக்ட் மக்கள் நேரடியாக வாக்களித்து உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 2012 சட்டம் தேர்தலை ஒழித்தது. 12 உறுப்பினர்களில் 7 பேர் அமைச்சரின் நியமனம், 5 பேர் மாவட்ட மன்றங்களின் பரிந்துரை. காரணம் சிக்கனம் என்றார்கள். மொழியைக் காக்கும் திட்டங்களைத் தீட்டச் சொல்லும் அதே சட்டம், அதைப் பேசுபவரின் வாக்குச்சீட்டைப் பிடுங்கிக்கொண்டது. தேர்தல் நாளில் பதில் சொல்லியாக வேண்டும் என்று அண்ணல் சொன்னாரே, அந்தத் தேர்தலே போய்விட்டால்?

காட்டுயிர் விஷயத்தில் இதே சிக்கல் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. அயர்லாந்தில் காடு குறைவு, சதுப்பு அதிகம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கிச் சேர்ந்த கரிமண்ணைக் கட்டியாக வெட்டி உலர்த்தி அடுப்பெரிப்பது ஏழை வீடுகளின் வழக்கம். 1992இல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் வாழிட ஆணையின்படி 53 மேட்டுச் சதுப்புகளில் வெட்டுவதை நிறுத்த வேண்டும். அரசு ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டது, மக்களிடம் சொல்லவில்லை. 1999இல் பத்தாண்டு விலக்கு என்று தள்ளிப்போட்டது. விலக்கு முடிந்ததும் ஒரு நாள் அதிகாரிகள் சதுப்புக்கு வந்து நின்றார்கள். பின்னர் ஆண்டுக்கு 1,500 யூரோ வீதம் 15 ஆண்டுகள் இழப்பீடு என்றார்கள். வெட்டுபவர்கள் சங்கம் அமைத்து எதிர்த்தார்கள். அவர்கள் சொன்ன எல்லாவற்றையும் நாம் ஏற்கவில்லை. சதுப்பு அழிந்தால் திரும்பாது என்பது உண்மை. ஆனால் 1946 முதல் அரசின் சொந்த நிறுவனமான போர்ட் நா மோனா இராட்சத இயந்திரங்களால் சதுப்புகளைச் சுரண்டி மின்நிலையங்களில் எரித்தது. அதன் கையில் இருந்த நிலம் சுமார் 80,000 ஹெக்டேர். அது தேசிய வளர்ச்சி எனப்பட்டது. அந்த அகழ்வு முடிந்துவிட்டதாக அது முறையாக அறிவித்தது 2021இல்தான். ஒரு கிழவர் தன் அடுப்புக்கு வெட்டியது அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே குற்றமாகிவிட்டது.

மறுபக்கமும் உண்டு. கார்ன்கிரேக் என்றொரு பறவை, உயர்ந்த புல்லுக்குள் ஒளிந்து இரவெல்லாம் கரகரவென்று கத்தும். ஒரு காலத்தில் அயர்லாந்து முழுக்க இருந்தது. இயந்திரம் வந்து புல்லை முன்கூட்டியே அறுக்கத் தொடங்கியதும் குஞ்சுகள் அரிவாளில் மாட்டிச் செத்தன. இன்று அது எஞ்சியிருப்பது டொனிகல், மேற்கு மேயோ, கானமாராக் கடலோரத் தீவுகள். கேல்டாக்ட் வரைபடத்தை அதன் மேல் வைத்துப் பாருங்கள், பெருமளவு ஒட்டும். பெரிய பண்ணை நுழைய முடியாத வறிய நிலத்தில் சின்னச் சின்ன வயல்களை வைத்திருந்தவர்களே மொழியையும் பறவையையும் சேர்த்துக் காத்திருக்கிறார்கள். யாரும் அவர்களைக் காக்கச் சொல்லவில்லை. இப்போது வனவுயிர்ப் பணித்துறை அந்த விவசாயிகளுக்குப் பணம் கொடுத்து, தாமதமாக அறுக்கவும், வயலின் நடுவிலிருந்து வெளிப்புறமாக அறுத்துக் குஞ்சுகள் ஓட வழிவிடவும் கேட்கிறது. விவசாயியை எதிரியாக நிறுத்தாமல் கூலி கொடுத்துக் கூட்டாளியாக்கிய இந்த ஏற்பாட்டை, பூங்கா எல்லையிட்டு மக்களை வெளியேற்றும் எல்லா அரசுகளும் படிக்க வேண்டும்.

2022 கணக்கெடுப்பில் 18,73,997 பேர் தங்களுக்கு ஐரிஷ் தெரியும் என்றார்கள், நூற்றுக்கு நாற்பது பேர். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுவோர் 71,968. கேல்டாக்டுக்குள் தினமும் பேசுவோர் சுமார் இருபதாயிரம் பேர். கேல்டாக்டில் இளைஞர்களுக்கு வாடகை வீடு கிடைப்பதில்லை. விடுமுறை வீடுகளும் சுற்றுலா விடுதிகளும் இடத்தை விழுங்கிவிட்டன. வீடு கிடைக்காதவன் கால்வே நகருக்குப் போகிறான், அங்கே அவன் பிள்ளை ஆங்கிலம் பேசுகிறது. 1934இல் சைக்கிளில் போனவர்கள் சொன்ன நிலப் பிரச்சினையேதான், இம்முறை வேறு உருவில்.

அதே கணக்கெடுப்பில் டிராவலர்கள் 32,949 பேர். 2010இல் வெளியான டிராவலர் உடல்நல ஆய்வின்படி அவர்களின் ஆண்கள் சராசரியாக வாழ்வது 61.7 ஆண்டுகள், மற்ற ஆண்களைவிட 15 ஆண்டுகள் குறைவு. 2002இல் ஒரு சட்டத் திருத்தம் அனுமதியின்றி வண்டியை நிறுத்துவதைக் குற்றமாக்கியது. நாடோடி வாழ்வே அதனால் குற்றமாயிற்று. தாங்கள் ஒரு தனி இனக்குழு என்பதை ஏற்கச் சொல்லி டிராவலர் அமைப்புகள் பல பத்தாண்டுகள் போராடின. 2017 மார்ச் 1 அன்று பிரதமர் எண்டா கென்னி நாடாளுமன்றத்தில் அதை ஏற்று அறிவித்தார். பார்வையாளர் மாடத்தில் இருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள். அறிவிப்போடு புதிய சட்டவுரிமை எதுவும் வரவில்லை. 2020இல் ஐலீன் ஃப்ளின் மேலவைக்கு நியமிக்கப்பட்டார், அங்கே அமர்ந்த முதல் டிராவலர் பெண். நம் மாநிலங்களவையின் நியமன உறுப்பினர் முறையும் அயர்லாந்தின் அந்த மேலவையைப் பார்த்து எடுத்ததுதான். நாம் அதில் யாரையெல்லாம் நியமித்திருக்கிறோம் என்பதை மாணவர்கள் ஒரு பட்டியலாக எடுத்துப் பார்க்கலாம்.

2019இல் பண்பாடு, மரபு, கேல்டாக்ட் அமைச்சகம் தொட்டறிய முடியாத மரபுகளின் தேசியப் பட்டியலை வெளியிட்டபோது டிராவலர்களின் தகரத் தொழிலும் கான்ட் மொழியும் அதில் இடம்பெற்றன. 1963இல் கரைக்கச் சொன்னதை 2019இல் காக்கச் சொல்கிறார்கள். இடைப்பட்ட காலத்தில் பிளாஸ்டிக் வாளி வந்து தகரத் தொழில் போயிற்று, வண்டி நிறுத்தும் இடங்களைப் பாறாங்கற்கள் போட்டு அடைத்தார்கள், கான்ட் பேசும் பாட்டிகள் போய்ச்சேர்ந்தார்கள். சிறுபான்மை மொழிகளுக்கான ஐரோப்பிய சாசனத்தில் அயர்லாந்து கையெழுத்திடவில்லை. ஐரிஷ் ஆட்சிமொழிதானே, சிறுபான்மை மொழி அல்லவே என்பது அரசின் விளக்கம். அந்த விளக்கத்தில் கான்ட் நினைவுக்கு வரவில்லை. கானமாராக்காரர் ஒருவர் தன் குடிநீர்க் குழாயைப் பற்றி மாவட்ட மன்றத்துக்கு ஐரிஷில் எழுதினால் இன்று அதே மொழியில் பதில் வந்தாக வேண்டும். அதே மன்றத்துக்கு ஒரு டிராவலர் தன் வண்டி நிற்கும் இடத்துக்குத் தண்ணீர் கேட்டுக் கான்ட்டில் எழுதினால், அதைப் படிக்கவோ பதில் தரவோ எந்தச் சட்டமும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.